கைப்பேசித் திசைகாட்டியும் கடற்பயணமும்

(புதுக்கோட்டை மாவட்டக் கடலோர ஊர்களைச் சேர்ந்த மீனவர்களுக்கும் மாணவர்களுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் ஆற்றப்பெற்ற உரை)



கடல் தொழிலில் தேர்ந்த உங்கள் முன்னிலையில் திசையறிதல் பற்றிப் பேச முன்வருவது, ஒரு வகையில் துணிச்சலான செயலே ஆகும். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றின் பெயராலேயே நான்கு திசைகளையும் சுட்டி வாழ்ந்தவர்கள் உங்கள் முன்னோர்கள். அலையின் போக்கையும், நீரின் நிறத்தையும், வானத்து மீன்களையும் கொண்டு அவர்கள் கரை சேர்ந்தார்கள். அந்த அறிவுக்கு நான் எதையும் புதிதாகச் சேர்க்க வரவில்லை. ஆனால் இன்று உங்களில் பெரும்பாலோர் சட்டைப் பையில் ஒரு கருவி இருக்கிறது. அதில் திசைகாட்டும் ஊசி ஒன்றும் இருக்கிறது. அந்த ஊசியை எப்போது நம்பலாம், எப்போது நம்பக் கூடாது என்ற ஒரே கேள்விக்கு விடை காண்பதே எனது உரையின் நோக்கம்.

திசை தவறினால் நேர்வது என்ன?

கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் முதலிய நம் ஊர்கள் பாக் விரிகுடாவை நோக்கி அமைந்தவை. இது அகன்ற பெருங்கடல் அன்று. எதிர்க்கரையில் இலங்கை இருக்கிறது. இரு நாடுகளுக்கும் இடையே கடல் எல்லை 1974ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் உடன்படிக்கை மூலம் வகுக்கப்பட்டது. அந்த எல்லை ஒரே நேர்கோடாக அமையவில்லை. வட அட்சரேகை 9 பாகை 57 கலையும் கீழ்த் தீர்க்கரேகை 79 பாகை 35 கலையும் கூடும் இடத்தில் அது ஒரு முறை வளைகிறது. அங்கிருந்து தென்மேற்காக நம் கரைப்பக்கம் நெருங்கி வந்து, பின்னர் மறுபடியும் தென்கிழக்காகத் திரும்புகிறது.

இதன் விளைவைக் கவனியுங்கள். கோட்டைப்பட்டினத்திலிருந்து நேர்கிழக்கே செல்லும் படகு, எல்லையைத் தொட 20 கடல் மைலுக்கும் அதிகமாகவே ஓட வேண்டும். அதே படகு தென்கிழக்கே திரும்பி ஓடினால் 20 கடல் மைல் நிறைவதற்கு முன்னரே எல்லையைத் தொட்டுவிடும். ஆகவே, எத்தனை மைல் ஓடினோம் என்பதை மட்டும் கணக்கிட்டுக் கொண்டிருந்தால் போதாது. எந்தத் திசையில் ஓடினோம் என்பதும் அதே அளவுக்கு முக்கியமாகும்.

கடலில் கோடு கிழித்து வைக்கவில்லை, வேலியும் இல்லை. எல்லை கடந்தால் கைதும், படகு பறிமுதலும், நீண்ட வழக்கும் நேர்கின்றன. 2018ஆம் ஆண்டில் இலங்கை தனது சட்டத்தைத் திருத்தி, அயல்நாட்டுப் படகுகளுக்கான அபராதத்தைப் பன்மடங்காக உயர்த்தியது. ஒரு விசைப்படகு போனால் ஒரு குடும்பம் மட்டுமன்று, அதில் தொழில் செய்யும் பல குடும்பங்களின் அடுப்பும் அணைகிறது. மீன் வளத்தைத் தேடி அறிந்தே அப்பால் செல்வதைப் பற்றி நான் இங்கே பேச வரவில்லை; அது இரு நாடுகளும் மீனவரும் கூடித் தீர்க்க வேண்டிய வேறு பிரச்சினை. இருளிலும் மழையிலும் நீரோட்டத்திலும் அறியாமல் செல்வதைத் தடுப்பது நம் கையில் இருக்கிறது. அதைப் பற்றியே பேசுகிறேன்.

ஊசி இல்லாத திசைகாட்டி

பூமியே ஒரு பெரிய காந்தம் என்பதை இங்கிலாந்து நாட்டு மருத்துவர் வில்லியம் கில்பர்ட் 1600ஆம் ஆண்டில் ஒரு நூலில் விளக்கினார். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே சீனர்கள் காந்த ஊசியைக் கொண்டு திசையறிந்தனர். தடையின்றிச் சுழலும் காந்த ஊசி வடக்குத் தெற்காக நிற்கும் என்னும் இயற்கை நியதியே, படகுகளில் நீங்கள் வைத்திருக்கும் காம்பஸ் பெட்டிக்கு அடிப்படை.

கைப்பேசிக்குள் சுழலும் ஊசி எதுவும் இல்லை. திரையில் நாம் காணும் ஊசி வெறும் படமே. உள்ளே அரிசி மணியிலும் சிறியதான ஒரு மின்னணுச் சில்லு இருக்கிறது. அது தன்மீது படும் காந்தப் புலத்தை நீளவாட்டிலும், அகலவாட்டிலும், மேல்கீழாகவும் அளக்கிறது. மற்றொரு சில்லு, பூமியின் ஈர்ப்பைக் கொண்டு எது மேல், எது கீழ் என்று உணர்கிறது. இவ்விரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டே கைப்பேசி வடக்கு எதுவெனக் கூறுகிறது. 2008ஆம் ஆண்டில் வெளிவந்த முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசியிலேயே இந்த வசதி இருந்தது.

இங்கே இரண்டு உண்மைகளை மனத்திற்கொள்ள வேண்டும். முதலாவது, இந்தத் திசைகாட்டி வேலை செய்வதற்குச் செல்போன் கோபுரமும் தேவையில்லை, சிம் அட்டையும் தேவையில்லை. கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் தொலைபேசித் தொடர்பு அற்றுப்போனாலும் இது நின்றுவிடாது. இரண்டாவது, விலை குறைந்த கைப்பேசிகள் சிலவற்றில் இந்தக் காந்தச் சில்லே இருப்பதில்லை. அவற்றிலும் திசைகாட்டிச் செயலியை நிறுவ முடியும், படமும் தெரியும், ஆனால் அது திசையைக் காட்டாது. ஆகவே நின்ற இடத்தில் நின்றபடியே மெல்ல ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். நீங்கள் சுற்றச் சுற்ற ஊசி வடக்கையே நோக்கி நிற்குமாயின் சில்லு இருக்கிறது என்று பொருள். உங்களோடு சேர்ந்து ஊசியும் சுற்றுமாயின் அந்தக் கைப்பேசியை இக்காரியத்திற்கு நம்பாதீர்கள்.

நம் மாவட்டத்திற்கு இயற்கை அளித்த வசதியையும் கூறவேண்டும். பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. தும்பாவை ராக்கெட் தளமாகத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவே முக்கிய காரணம். அக்கோட்டின் அருகே காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் ஏறக்குறைய மட்டமாக நிற்கும். துருவ நாடுகளில் காந்த விசை பெரும்பாலும் நிலத்தை நோக்கிக் குத்திட்டு இறங்குவதால் திசைகாட்டி தடுமாறும். இங்கே அந்தத் தொல்லை இல்லை. மேலும், காந்தம் காட்டும் வடக்கிற்கும் உண்மையான வடக்கிற்கும் உள்ள வேறுபாடு நம் பகுதியில் ஏறக்குறைய இரண்டு பாகைதான். ஊசி சற்றே மேற்காகச் சாயும். உலகின் பல பகுதிகளில் இவ்வேறுபாடு பத்து, இருபது பாகைக்கும் மேற்படுகிறது. எனவே நம் ஊரில் ஊசி பெரிதாகப் பிழை காட்டினால், குற்றம் பூமியினுடையதன்று. நம் படகிலோ, கைப்பேசியிலோ இருக்கிறது.

ஊசியைக் கெடுப்பவை

பூமியின் காந்த விசை மிகவும் மெல்லியது. நம் பகுதியில் அது 40 மைக்ரோடெஸ்லா என்னும் அளவை ஒட்டியிருக்கிறது. கைப்பேசி உறையை மூடி வைப்பதற்குப் பொருத்தியிருக்கும் சிறு காந்தம், அருகிலிருக்கும்போது இதைவிடப் பன்மடங்கு வலிமையுடையது. அத்தகைய உறையோடு திசை பார்ப்பது, திருவிழாக் கூட்டத்தில் ஒலிபெருக்கிக்கு அருகே நின்று காதோடு இரகசியம் கேட்பதற்கு ஒப்பாகும். எஞ்சின், வலை இழுக்கும் வின்ச், இரும்புச் சங்கிலி, பேட்டரியும் அதன் கம்பிகளும், வானொலிப் பெட்டி, இடுப்பிலிருக்கும் கத்தி, அருகே வைத்த மற்றொரு கைப்பேசி ஆகிய அனைத்தும் ஊசியைத் திருப்பக் கூடியவை.

திரும்பினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். மாலுமிகள் கைக்கொள்ளும் எளிய கணக்கு ஒன்று உண்டு. ஒரு பாகை பிழையோடு 60 மைல் சென்றால் ஒரு மைல் விலகி நிற்போம். அவ்வாறாயின் பத்துப் பாகைப் பிழையோடு 20 கடல் மைல் சென்றால், சேரவேண்டிய இடத்திலிருந்து ஏறத்தாழ மூன்றரைக் கடல் மைல், அதாவது ஆறு கிலோமீட்டருக்கு மேல் விலகியிருப்போம். பத்துப் பாகை என்பது திரையில் கண்ணுக்கே படாத சிறு சாய்வு. ஆறு கிலோமீட்டர் என்பதோ, எல்லைக்கு இப்பால் இருப்பதற்கும் அப்பால் இருப்பதற்கும் உள்ள வேறுபாடாகிவிடும்.

ஆகவே திசை பார்க்கும்போது இவ்வாறு செய்யுங்கள். காந்த உறையைக் கழற்றிவிடுங்கள். எஞ்சினுக்கும் வின்சுக்கும் எட்டிய இடமாகப் பார்த்து, இயலுமாயின் அணியத்தின் பக்கம் சென்று நில்லுங்கள். கைப்பேசியைத் தமிழ் எண்ணாகிய எட்டு அன்று, நாம் இன்று எழுதும் 8 என்ற வடிவில் காற்றில் நாலைந்து முறை சுழற்றுங்கள். அவ்வாறு சுழற்றுவதால் சில்லு தன்னைச் சரிசெய்து கொள்கிறது. பிறகு உள்ளங்கையில் மட்டமாக வைத்துப் பாருங்கள். சில செயலிகள் காந்த விசையின் அளவையும் காட்டும். அது 40ஐ ஒட்டியிருந்தால் நலம். 70, 100 என்று ஏறியிருந்தால் அருகில் ஏதோ இரும்போ காந்தமோ இருக்கிறது என்று அறிந்து இடம் மாறுங்கள்.

திசை வேறு, இடம் வேறு

கைப்பேசியில் திசைகாட்டியும் இருக்கிறது, ஜி.பி.எஸ். என்னும் இடங்காட்டியும் இருக்கிறது. இவ்விரண்டும் ஒன்றென எண்ணுவோர் பலர். அவ்வெண்ணம் ஆபத்தானது.

திசைகாட்டி, கைப்பேசி எந்தப் பக்கம் நோக்கியிருக்கிறது என்பதை மட்டுமே கூறும். படகு எங்கே இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. இடங்காட்டி, விண்ணிலுள்ள செயற்கைக் கோள்களின் குறிப்பொலியைப் பெற்றுப் படகு இருக்கும் இடத்தைக் கூறும். அமெரிக்காவின் ஜி.பி.எஸ். போலவே ருஷ்யா, ஐரோப்பா, சீனம் ஆகியவையும், நாவிக் என்ற பெயரில் நமது நாடும் இத்தகைய கோள்களை அமைத்துள்ளன. இதற்கும் செல்போன் கோபுரம் தேவையில்லை. ஆனால் வரைபடத்தைக் கரையிலேயே கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் நடுக்கடலில் வெறுந்திரையில் ஒரு புள்ளி மட்டுமே தெரியும்.

எஞ்சினை நிறுத்தி வலையோடு மிதந்து கொண்டிருக்கையில், நீங்கள் நீவாடு என்று கூறும் நீரோட்டம் படகைப் பக்கவாட்டில் இழுத்துச் செல்கிறது. அணியம் மேற்கே நோக்கியிருக்கும். திசைகாட்டியும் மேற்கு என்றே கூறும். படகோ தெற்கே நகர்ந்து கொண்டிருக்கும். இதைத் திசைகாட்டி கண்டுபிடிக்காது, இடங்காட்டியே கண்டுபிடிக்கும். மறுபுறம், படகு நின்றிருக்கும்போது அணியத்தை எப்பக்கம் திருப்புவது என்பதை இடங்காட்டி கூறாது. அது நகர்ந்தால்தான் திசை அறியும். எனவே ஒன்றுக்கு மற்றொன்று துணை. ஒன்று மற்றொன்றுக்கு மாற்று அன்று.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மீனவருக்கென உருவாக்கிய மீனவ நண்பன் செயலி, காற்று, அலை, மீன் கிடைக்கும் இடம் ஆகிய செய்திகளோடு, கடல் எல்லையை நெருங்கும்போது எச்சரிக்கையும் தருகிறது. இத்தகைய வசதியைப் பயன்படுத்திக் கொள்ளுங்கள். அத்துடன், எல்லைக்கு இரண்டு கடல் மைல் முன்னதாகவே உங்களுக்கென ஒரு கோட்டை மனத்தில் வகுத்துக்கொள்ளுங்கள். எச்சரிக்கை ஒலித்த பிறகு மடியை இழுத்துப் படகைத் திருப்புவதற்கு நேரம் வேண்டும் அல்லவா?

புறப்படும்போது செல்லும் பாகையைக் குறித்து வைப்பதும் நல்ல பழக்கமாகும். 120 பாகையில் சென்ற படகுக்குத் திரும்பும் பாகை 300. சென்ற பாகை 180க்குக் குறைவாயின் 180ஐக் கூட்டுங்கள். மிகையாயின் 180ஐக் கழியுங்கள். கைப்பேசி நனைந்தாலும், மின்சாரம் தீர்ந்தாலும், பழைய காம்பஸ் பெட்டியைப் பார்த்து இந்த எண்ணின் வழியே கரையை நாடலாம். மின்சாரம் வேண்டாத அந்தப் பெட்டியைப் படகிலிருந்து அகற்றிவிடாதீர்கள் என்று மிகவும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

வானத்தை வைத்துச் சோதித்தல்

ஊசியைச் சோதிக்க ஊசியையே கேட்டுப் பயனில்லை. வேறொரு சான்று வேண்டும். காலையில் கதிரவன் உதிக்கும் இடமே கிழக்கு என்று கொள்வது பெரும்பிழையாக முடியலாம். மார்ச்சு, செப்டம்பர் மாதங்களின் மூன்றாம் வாரத்தை ஒட்டிய நாட்களில்தான் அது நேர்கிழக்கில் உதிக்கிறது. ஜூன் இறுதியில் வடக்காகவும், டிசம்பர் இறுதியில் தெற்காகவும் ஏறத்தாழ 24 பாகை வரை விலகுகிறது.

இரவில் துருவ நட்சத்திரம் உற்ற துணைவன். ஓர் ஊரின் அட்சரேகை எத்தனை பாகையோ அத்தனை பாகை உயரத்தில் அது நிற்கும். நம் கடற்கரை 10 பாகையில் இருக்கிறது. கையை நீட்டி மடக்கிய முஷ்டியின் அகலமும் ஏறத்தாழ 10 பாகையே. எனவே வடதிசை அடிவானத்தின் மேல் ஒரு முஷ்டி உயரத்தில் துருவ நட்சத்திரத்தைத் தேடுங்கள். அடிவானத்தில் மேகமும் மூட்டமும் இல்லாத இரவில் அது தெரியும். உண்மை வடக்கிலிருந்து அது ஒரு பாகைகூட விலகுவதில்லை. கைப்பேசி ஊசி அதற்கு இரண்டு மூன்று பாகைக்குள் நின்றால் நம்பலாம்.

ஊர்தோறும் ஒரு திசைக்கல்

இறுதியாக, பஞ்சாயத்துகளும் மீனவர் சங்கங்களும் பள்ளிகளும் சேர்ந்து செய்யக்கூடிய ஒரு பணியை உங்கள் முன் வைக்கிறேன். ஒவ்வொரு இறங்குதுறைக்கும் அருகே, இரும்பும் மின்கம்பியும் இல்லாத வெளியில், திசைகள் பொறித்த ஒரு கல்லை நாட்டுங்கள். கம்பி கோக்காத வெறும் கல்லாக அது இருக்க வேண்டும். இரும்புக் கம்பி இட்ட கான்கிரீட்டு ஊசியைக் கெடுக்கும்.

அந்தக் கல்லில் வடக்கை எவ்வாறு குறிப்பது? கோயில் கட்டும் சிற்பிகள் தொன்றுதொட்டுக் கையாண்ட முறை ஒன்று இருக்கிறது. மட்டமான தரையில் ஒரு கோலைச் செங்குத்தாக நாட்டி, அதைச் சுற்றி ஒரு வட்டம் வரையுங்கள். முற்பகலில் கோலின் நிழல் நுனி சுருங்கிவந்து வட்டத்தைத் தொடும் இடத்தைக் குறியுங்கள். பிற்பகலில் நிழல் நீண்டு மறுபடியும் வட்டத்தைத் தொடும் இடத்தையும் குறியுங்கள். இரு குறிகளையும் இணைக்கும் கோடே கிழக்கு மேற்கு. அதற்குச் செங்குத்தான கோடு வடக்கு தெற்கு. கடிகாரமும் வேண்டாம், பஞ்சாங்கமும் வேண்டாம். ஆண்டின் எல்லா மாதங்களிலும் இம்முறை பொருந்தும். மாணவர்கள் ஒரே நாளில் செய்து முடிக்கலாம்; புவியியல் பாடமும் கைவசமாகும்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். படகையும் வலையையும் பழுதுபார்க்கும் அந்நாட்களில், ஒவ்வொரு படகோட்டியும் தம் கைப்பேசியையும் காம்பஸ் பெட்டியையும் திசைக்கல்லின் அருகே கொண்டுவந்து ஒப்பிட்டுப் பார்க்கட்டும். பிறகு அதே கைப்பேசியைப் படகிலேறி, எஞ்சின் ஓடும்போது, தாம் வழக்கமாக நிற்கும் இடத்தில் வைத்தும் பார்க்கட்டும். கரையில் சரியாகக் காட்டிய ஊசி படகில் எத்தனை பாகை மாறுகிறது என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக் கொள்ளட்டும். இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. இதனால் காக்கப்படுவதோ படகும் உயிரும்.

நிலத்தில் வாழ்வோருக்கும் இக்கல் பயன்படும். 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் வீசியபோது நம் மாவட்டத்தில் மரங்கள் வேரோடு சாய்ந்து வழிகளை அடைத்தன. மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயின. அத்தகைய வேளையில் கோபுரம் இல்லாமலே இயங்கும் திசைகாட்டியும், முன்கூட்டி இறக்கி வைத்த வரைபடமும் நிவாரணப் பணிக்குச் செல்லும் இளைஞர்களுக்கு மாற்றுவழி காட்டக் கூடும். கைப்பேசியின் மின்சாரத்தைச் சிக்கனமாகக் காப்பது மட்டுமே நிபந்தனை.

கடலில் இடர் நேர்ந்தால் கடலோரக் காவல்படைக்கு 1554 என்ற எண்ணும், கடலோரப் பாதுகாப்புக் குழுமத்திற்கு 1093 என்ற எண்ணும் உள்ளன. தொடர்பு கொள்ளும்போது, அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் கைப்பேசியைப் பார்த்துப் படிக்கத் தெரிந்தவர் ஒவ்வொரு படகிலும் இருவராவது இருக்க வேண்டும். ‘கரைக்குக் கிழக்கே எங்கோ இருக்கிறோம்’ என்று கூறினால் தேடுவோருக்குக் கடல் முழுவதும் திறந்து கிடக்கும். இரண்டு எண்களைக் கூறினால் அவர்கள் நேரே வந்து சேர்வர். வீட்டிலுள்ள தாய்மார்களும் பிள்ளைகளும் இவற்றைக் கற்றுக்கொள்வது நல்லது. கரையில் செய்தி பெறுவோர் பெரும்பாலும் அவர்களே.

பெரியோர்களே! புதிய கருவி வந்துவிட்டது என்பதற்காகப் பழைய அறிவைக் கைவிட வேண்டியதில்லை. பழைய அறிவு இருக்கிறது என்பதற்காகப் புதிய கருவியை ஒதுக்க வேண்டியதுமில்லை. வானத்து மீனையும் தரையிலுள்ள கல்லையும் சாட்சியாக வைத்துக் கைப்பேசியின் ஊசியைச் சோதித்து, சோதித்த பிறகு நம்புங்கள். வரும் தடைக்காலம் முடிவதற்குள் நம் கடற்கரை ஊர்கள் ஒவ்வொன்றிலும் ஒரு திசைக்கல் எழுமாயின், இந்த முகாம் தன் பயனை அடைந்ததாகக் கொள்வேன்.